பார் வெளுப்பது வெப்பத்தாலா, மடியாலா? மன்னார் வளைகுடா பற்றிப் பேசுவோம்

முத்துக்குளி (தூத்துக்குடி) எழுதியது:

கடல் சூடாகிறது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. படித்து வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நம் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு பேசினால் உருப்படியாக இருக்கும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஒவ்வொரு தீவைச் சுற்றியும் பவளப் பார், அதாவது பவளம் வளர்ந்து எழும்பிய பாறைத்திட்டு. இங்கே சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முக்குளித்து எடுத்த கணக்குப்படி, 2016 கோடை வெளுப்புக்குப் (பவளம் நிறம் இழந்து வெள்ளையாவது) பிறகு உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாக இறங்கியது. 2020 மே மாதம் வந்த கடல் வெப்ப அலையில் மன்னார் வளைகுடாப் பவளங்களில் 85 விழுக்காடு வெளுத்தன.

துறைமுகத்துப் பெரியவர்களிடம் கேட்டால், மடி (விசைப்படகு கடலடியில் இழுக்கும் பை வலை) இழுத்து இழுத்தே பாரைக் கொன்றார்கள் என்பார்கள். கல்லூரியில் கேட்டால், புவி வெப்பம், நம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற தொனியில் பதில் வருகிறது. இந்த இரண்டாவது பதில்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. உலகமே சேர்ந்து கரிப்புகையைக் குறைத்தால்தான் பார் பிழைக்கும் என்று சொல்லிவிட்டால், தீவுக்குப் பக்கத்தில் மடி இழுப்பவரையும் சாக்கடையைக் கடலில் விடுபவரையும் கேள்வி கேட்க ஆள் இருக்காது. எது எவ்வளவு காரணம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேம்பார் வல்லம் எழுதியது:

தம்பி, நாங்கள் தாத்தா காலத்திலிருந்து நாட்டுப்படகுதான். சித்திரை வைகாசியில் தண்ணீர் சுடுவது எங்களுக்குப் புதிதில்லை. காற்று விழுந்துவிடும், கடல் அசையாது, கால் வைத்தால் சூடு தெரியும். அப்புறம் கச்சான் (தென்மேற்குக் காற்று) ஏறினதும் தண்ணீர் கலங்கிக் குளிர்ந்துவிடும். காலங்காலமாக இப்படித்தான்.

பாரை அழித்தது யார் என்று கேட்டால் பட்டியலே சொல்லலாம். முதலில் கல் எடுத்தவர்கள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வல்லம் வல்லமாகப் பவளக் கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகுதான் அது குறைந்தது. சுனாமி வந்து, பார் இருந்த இடத்தில் அலை அடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு அநேகமாக நின்றே போனது. அதற்குள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. வான் தீவு கரைந்து துண்டாகி நின்றது. வெயில் கரைத்ததா அதை? பாரைப் பெயர்த்தெடுத்ததால் அலை நேராகத் தீவில் மோதியது, அதுதான் காரணம்.

அடுத்தது விசைப்படகு. மடி போகிற வழியெல்லாம் சேறு கிளம்பும். அந்தச் சேறு பாரின் மேல் படிந்தால் பவளம் மூச்சு முட்டிச் சாகும். எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டாதீர்கள்.

கடல்மானி எழுதியது:

அண்ணே, சித்திரையில் சுடுவது புதிதில்லை என்பது சரிதான். எவ்வளவு சுடுகிறது, எத்தனை வாரம் விடாமல் சுடுகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

மனிதர்களால் பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழுவினரின் கணக்குப்படி, 1950 முதல் 2020 வரை இந்தியப் பெருங்கடல் பத்தாண்டுக்கு 0.12 டிகிரி வீதம் சூடாகியிருக்கிறது. கரிப்புகை இப்படியே போனால் இப்போது ஆண்டுக்குச் சுமார் 20 நாள் இருக்கும் கடல் வெப்ப அலை, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 220 முதல் 250 நாள் வரை நீளும் என்கிறார்கள். அதாவது சித்திரை வைகாசி என்ற கணக்கே இருக்காது, ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான்.

0.12 என்றால் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பவளத்துக்கு அது பெரிய விஷயம்தான். பவளம் என்பது ஒரு சிறு விலங்கு. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. குடியிருப்பவர் வாடகை கொடுப்பதுபோல, அந்தப் பாசி வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பவளத்தின் நிறமும் அந்தப் பாசியுடையதுதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசியின் ஒளிச்சேர்க்கை தடம் புரண்டு, சதையை அரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகு அது பட்டினி.

இதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் 1 புள்ளி. இப்படி 12 வாரத்துக்குள் 4 புள்ளி சேர்ந்தால் வெளுப்பு தொடங்கும், 8 சேர்ந்தால் சாவு தொடங்கும். 2023-இல் கடலையும் வானிலையையும் கவனிக்கும் அமெரிக்காவின் நோவா அமைப்பு இந்த எச்சரிக்கை அளவையே நீட்டி, 20 புள்ளிக்கு மேல் போவதற்கென ஐந்தாம் நிலை ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தது. பழைய அளவுகோலுக்குள் அந்த ஆண்டுக் கோடை அடங்கவில்லை.

அலைவாய் (சென்னை) எழுதியது:

ஒரு சந்தேகம். வெளுத்தது என்றால் செத்தது என்று அர்த்தமா? செய்தித்தாள்களில் இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறார்கள்.

முத்துக்குளி எழுதியது:

இல்லை. இது முக்கியமான கேள்வி.

வெளுத்த மான்கொம்புப் பவளத்தின் அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தால், வெள்ளை எலும்பின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய சதை இருக்கும். அதில் பொட்டுப் பொட்டாகப் பவள உயிர்கள். மங்கிய வெளிச்சத்தில் அவை இழை நீட்டி இரை தேடுவதுகூடத் தெரியும். சில கொம்புகள் வெள்ளையாகாமல் வெளிர் நீலமோ ஊதாவோ ஆகி ஒளிரும். புதிதாகப் பார்ப்பவர்கள் அழகாக இருக்கிறது என்று படம் எடுப்பார்கள். அது பவளம் தன்னைக் காத்துக்கொள்ளக் கடைசியாகச் செய்யும் முயற்சி. அந்த நிலையில் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் சதைக்குள் மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பாசி பெருகி, சில வாரங்களில் பழுப்பு நிறம் திரும்பும்.

செத்த பவளம் வேறு மாதிரி. சதை உரிந்து போயிருக்கும். சில நாட்களிலேயே எலும்பின் மேல் மயிர் போலப் பச்சையும் பழுப்புமாகப் பாசி படரும். தொட்டால் கையில் சேறு ஒட்டும். இங்கே எல்லா வகையும் ஒரே மாதிரி சாவதும் இல்லை. 2016-இல் அதிகம் அடிபட்டவை கொம்பும் தட்டுமாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா, பிறகு போசிலோபோரா. உருண்டைப் பாறையாக வளரும் போரைட்டஸ் வெளுத்தாலும் பெரும்பாலும் தேறிவிட்டது. ஆனால் மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர இடுக்கு தருவது கொம்புப் பவளம்தான். அது போய் உருண்டை மட்டும் மிஞ்சினால் கணக்கில் பார் உயிரோடு இருக்கும், மீனுக்கு வீடு இருக்காது.

நாகை விசைப்படகு எழுதியது:

மடியைப் பற்றிப் பேசுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் விசைப்படகுதான் சோறு போடுகிறது.

லட்சத்தீவில் மடி இழுப்பவர் யாரும் இல்லை. அங்கே தூண்டிலில் சூரை பிடிப்பதுதான் தொழில். ஆலையும் பெரிதாகக் கிடையாது. அங்கே ஏன் 1998, 2010, 2016 என்று வரிசையாக வெளுத்தது? 2024 மே மாதம் கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போய்ப் பார்த்துவிட்டு, லட்சத்தீவில் கடும் வெளுப்பு, 2023 அக்டோபர் கடைசியிலிருந்தே அங்கே வெப்ப அலை நிற்கிறது என்று சொன்னது. அதற்கும் நாங்களா காரணம்?

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு அத்தனையும் கரையில் கட்டிக் கிடக்கிறது. உங்கள் பார் வெளுப்பது எப்போது? அதே ஏப்ரல், மே, ஜூனில். மடி தண்ணீரில் இல்லாத நாளில் நடக்கும் ஒன்றுக்கு மடி எப்படிக் காரணமாகும்?

வேம்பார் வல்லம் எழுதியது:

தடைக்காலம் 61 நாள். மிச்சம் 300 நாள் என்ன செய்கிறீர்கள் தம்பி?

கடல்மானி எழுதியது:

நாகைத் தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிடக் கூடாது. வெளுக்க வைப்பது வெப்பம்தான். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு என்று அறிவித்தார்கள். 2023 தொடக்கத்திலிருந்து 2025 மார்ச்சுக்குள் உலகின் பவளப் பார்ப் பரப்பில் 84 விழுக்காட்டை வெளுக்க வைக்கும் அளவு சூடு தாக்கியிருந்தது. ஆள் அரவமே இல்லாத பார்களும் அதில் அடக்கம். இதை மடியின் கணக்கில் எழுத முடியாது.

ஆனால் அவர் சொன்ன தேதிகளையே இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். ஜூன் 15-இல் மடி மறுபடி கடலில் இறங்குகிறது. கச்சான் ஏறித் தண்ணீர் குளிர்ந்து, பட்டினி கிடந்த பவளம் பாசியைத் திரும்பச் சேர்க்க ஆரம்பிப்பதும் அப்போதுதான். உடம்பில் சத்தே இல்லாத நேரம். மேலே விழும் மண்ணைத் தள்ளுவதற்குப் பவளம் கோழையைச் சுரந்தாக வேண்டும், அதற்கும் சத்து வேண்டும். தெளிந்த தண்ணீரில் தேறியிருக்கக்கூடிய பவளம் கலங்கல் தண்ணீரில் தேறாமல் போகிறது. வெளுப்பதற்கு ஒரு காரணம், சாவதற்கு இன்னொரு காரணம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வேம்பார் அண்ணன் சொல்வதும் நாகைத் தம்பி சொல்வதும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

லட்சத்தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 24 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. 1998-இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த பவளப் பரப்பு 2022-இல் சுமார் 19. ஒவ்வொரு வெளுப்புக்குப் பிறகும் பார் தேறத்தான் செய்தது. ஆனால் இடையில் சுமார் ஆறு ஆண்டு வெப்ப அலை இல்லாமல் கிடைத்தால்தான் வளர்ச்சி வேகம் எடுக்கிறது என்று கண்டார்கள். இப்போது நம் மன்னார் வளைகுடா: 2010, 2016, 2020. இடைவெளி ஆறு, பிறகு நான்கு. மூச்சு வாங்கும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. அந்தக் குறைந்த நேரத்தில் நாம் பாருக்கு என்ன செய்கிறோம் என்பதுதான் நம் கையில் உள்ள கேள்வி.

முத்துக்குளி எழுதியது:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெளுத்துச் செத்த கொம்பின் மேல் பாசி படர்ந்துவிட்டால் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்காது. அந்தப் பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைப்பவை ஓராவும் கிளிஞ்சானும். கிளிஞ்சான் தன் அலகால் பாறையைச் சுரண்டும்போது தண்ணீருக்குள் கறுக் கறுக் என்ற ஓசை நன்றாகவே கேட்கும். இந்த இரண்டு மீனையும் பாரில் கூடு (மீன்பொறி) போட்டுப் பிடிப்பது விசைப்படகு இல்லை, நாட்டுப்படகு. வேம்பார் அண்ணன் இதையும் யோசிக்க வேண்டும்.

அதோடு நகரத்துச் சாக்கடை. அதில் உள்ள சத்து பாசிக்கு உரம். தூத்துக்குடிக் குடாவில் அனல்மின் நிலையத்தின் சுடுநீர் வேறு. புவி வெப்பத்துக்கு மேல் உள்ளூர் வெப்பமும் சேர்கிறது.

வேம்பார் வல்லம் எழுதியது:

ஓரா விலை போகிற மீன். அதை விடு என்றால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? ஆனாலும் நீ சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்கிறேன். பொடி ஓராவைக் கூட்டில் அள்ளுவது எனக்கும் பிடிக்காத வேலைதான். கண்ணி அகலமான கூடு போட்டால் பொடி வெளியே போய்விடும், எங்கள் பெரியவர்கள் அப்படித்தான் பின்னினார்கள்.

கொச்சிப் பக்கம் எழுதியது:

பவளத்தைத் தாண்டி மீனையும் கொஞ்சம் பேசுங்கள். நான் கேரளக் கரையில் வேலை பார்க்கிறேன். இங்கே மத்திதான் ஏழை வீட்டு மீன். 2012-இல் கேரளத்தில் மத்தி சுமார் 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-இல் 3,297 டன். எழுத்துப் பிழை இல்லை, மூவாயிரத்துச் சொச்சம்தான். அந்த ஆண்டுகளில் மத்தியை நம்பியிருந்த வள்ளங்கள் எண்ணெய்ச் செலவுக்குக்கூடக் கட்டாமல் கரையிலேயே கிடந்தன.

அதிகமாகப் பிடித்தது ஒரு காரணம். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் கடல் சூடாகி, மழை மாறி, இரை குறைந்ததும் காரணம். மத்தி சூட்டுக்கு ஏற்ப இடம் மாறுகிற மீன். ஒரு காலத்தில் மலபார்க் கரையோடு நின்றது, 1980-களுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரைக்கும் ஆந்திரக் கரைக்கும் பரவியது. கானாங்கெளுத்தி மேல்தண்ணீர் மீன், அது ஆழத்துக்கு இறங்கி மடியில் விழ ஆரம்பித்ததை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விவேகானந்தன் முதலியோர் பதிவு செய்திருக்கிறார்கள்.

அவருடைய இன்னொரு ஆய்வு இந்த இழைக்கு நேராகப் பொருந்தும். சென்னைச் சந்தையில் சங்கரா என்று விற்கும் இளஞ்சிவப்பு மீன் இருக்கிறதே, அது முட்டையிடும் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெதுவெதுப்பான மாதங்களிலிருந்து அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களுக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று 2009-இலேயே காட்டினார்.

நாகை விசைப்படகு எழுதியது:

இதை எங்கள் சங்கத்தில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். மீன் முட்டையிடும் காலம் என்று சொல்லித்தான் எங்களைக் கரையில் கட்டுகிறார்கள். முட்டையிடும் காலமே நகர்ந்துவிட்டால் தடைக்கால மாதத்தை யார் மறுபடி பார்ப்பது? எந்த மாதம் நிறுத்தினாலும் எங்களுக்கு நட்டம்தான். நிறுத்துவது மீனுக்கு உதவட்டும் என்றுதான் கேட்கிறோம்.

கொச்சிப் பக்கம் எழுதியது:

ஒரு மீன் நகர்ந்ததற்காக முழுத் தடைக்காலத்தையும் நகர்த்த முடியாது. ஒவ்வொரு மீனுக்கும் ஒரு காலம் இருக்கிறது. ஆனால் கடல் மாறும்போது சட்டமும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். கணக்கெடுப்பு தொடர்ந்து நடந்து, அதன் முடிவு மீனவர் கைக்கு வர வேண்டும். இப்போது ஆய்விதழில் வந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

பாசிக்காரி (பாம்பன் பக்கம்) எழுதியது:

நான் படிக்க மட்டும் வந்தேன், சொல்ல வேண்டியது இருக்கிறது. எங்கள் ஊரில் பெண்கள் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப் பாசி எடுப்போம். கண்ணாடி மாட்டிக்கொண்டு கல்லைத் தடவித் தடவி எடுக்கிற வேலை. அதனால் கல்லில் என்ன மாறினாலும் எங்கள் கைக்கு முதலில் தெரிந்துவிடும். பூங்கா எல்லை என்று வனத்துறை விரட்டுகிறது, அது தனிக்கதை.

மூங்கில் தெப்பத்தில் கப்பாபைகஸ் பாசி கட்டி வளர்த்தோம். கையில் காசு நின்றது. 2013-14 வாக்கில் தண்ணீர் சூடேறி, கொடி வெள்ளையாகி, நுனி கரைந்து, கயிறு மட்டும் மிஞ்சியது. அந்த அடியிலிருந்து பல குடும்பம் எழுந்திருக்கவில்லை. அதே பாசி குருசடைத் தீவில் கட்டவிழ்ந்து போய்ப் பவளத்தை மூடியது என்று எங்கள் மேல் குறையும் சொன்னார்கள். இதைக் கொண்டுவந்து கட்டச் சொன்னது நாங்கள் இல்லை.

2019 புரட்டாசி வாக்கில் பூங்கோரை வந்ததே, அதை யாரும் சொல்லவில்லையே? கடல் முழுக்கப் பச்சை. இரவில் தண்ணீரைத் தட்டினால் ஒளிவிடும். காலையில் கரை நெடுக ஓரா, கிளிஞ்சான், விலாங்கு எல்லாம் செத்து ஒதுங்கின. நாற்றம் தாங்காமல் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதுவும் சூட்டினால்தானா?

கடல்மானி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. பூங்கோரை என்பது நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர். 2019-இல் அது பெருகி மடிந்தபோது தண்ணீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனது. மீன் மட்டுமில்லை, சிங்கிள் தீவின் பவளமும் சில நாட்களில் செத்தது. வெளுப்பில் மாதக்கணக்கில் நடக்கும் சாவு அங்கே நாள்கணக்கில் நடந்தது. அதை முழுக்கச் சூட்டின் கணக்கில் எழுத மாட்டேன், தண்ணீரில் சேரும் சத்தும் நீவாடும் (நீரோட்டம்) காற்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. ஆனால் சூடு அதற்குத் துணை போகிறது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுக்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. 1960-க்குப் பிறகு உலகக் கடல் தன் ஆக்சிஜனில் சுமார் 2 விழுக்காட்டை இழந்திருக்கிறது.

இன்னொன்று, மேல்தண்ணீர் சூடாகி இலேசாகிவிட்டால் அடித்தண்ணீரோடு கலக்காது. அடியில் உள்ள சத்து மேலே வராது. சத்து இல்லாமல் மிதவைத் தாவரம் குறையும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டில் 20 விழுக்காடு வரை அது குறைந்ததாக 2016-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மத்தி முதல் திமிங்கிலம் வரை எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

சூடு நேராகக் கொல்லாமல் பசியால் கொல்வதற்கு வடக்கில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் 2018-19 வெப்ப அலைக்குப் பிறகு பனி நண்டுகளில் 1,000 கோடிக்கு மேல் காணாமல் போயின. தண்ணீர் அவற்றைக் கொல்லும் சூட்டை எட்டவே இல்லை. சூடு கூடியதால் நண்டின் உடம்புக்கு இரை அதிகம் தேவைப்பட்டது. இருந்த இடத்தில் அவ்வளவு இரை இல்லை. 2022-இல் அங்கே பனி நண்டுப் பிடிப்பையே முதல் முறையாக மூடினார்கள்.

பங்குனி ஆமை (நீலாங்கரை) எழுதியது:

ஆமைக்காக ஒரு வார்த்தை. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சு கூடும். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பெருந்தடுப்புப் பாரைச் சேர்ந்த பச்சை ஆமைகளை 2018-இல் ஆராய்ந்தபோது இளம் ஆமைகளில் 99 விழுக்காடு பெண். இங்கே சென்னைக் கரையில் பங்குனி ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்தில் வைக்கும்போது நிழல் கொடுப்பது இப்போது பாதுகாப்புக்கு மட்டுமில்லை, இதற்காகவும்தான். கடைசியாக இடப்படும் முட்டைகள் பங்குனி வெயிலில் மாட்டுகின்றன, அவற்றைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அலைவாய் எழுதியது:

பவளத்தை நட்டு வளர்க்கிறார்களே, அதனால் பயன் உண்டா? முதலுக்கே மோசம் என்ற நிலையில் நடுவது வீண் செலவு என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன்.

முத்துக்குளி எழுதியது:

வீண் என்று சொல்ல மாட்டேன். தூத்துக்குடிப் பக்கம் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைச் சிமெண்டுப் பலகையில் கட்டி, சட்டத்தில் வைத்து நட்டு வருகிறார்கள். மீன் வந்து சேர்வதைப் பார்த்திருக்கிறேன். வான் தீவில் 2015 வாக்கில் தொடங்கி அலை மோதும் பக்கமாகச் சிமெண்டுக் கூடுகளை இறக்கினார்கள், தீவு கரைவது குறைந்தது, கூட்டின் மேலேயே பவளக் குஞ்சு ஒட்ட ஆரம்பித்தது. கல் எடுத்து அழித்த இடத்தில் திரும்பக் கல் வைப்பது நம் கடமையும்கூட.

ஆனால் நட்ட பவளமும் அதே தண்ணீரில்தான் இருக்கிறது. வெப்ப அலை வந்தால் அதுவும் வெளுக்கும். விரைவாக வளர்கிறது என்று கொம்புப் பவளத்தையே அதிகம் நடுகிறோம், முதலில் சாவதும் அதுதான். 2016-ஐயும் 2020-ஐயும் தாங்கி நின்ற தாய்ப் பவளங்களிலிருந்து துண்டு எடுத்தால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. பூமி 1.5 டிகிரி சூடானால் உலகப் பவளத்தில் 70 முதல் 90 விழுக்காடு போகும், 2 டிகிரியானால் 99 விழுக்காட்டுக்கு மேல் போகும் என்று ஐநாவின் காலநிலைக் குழு 2018-இல் சொன்னது. அந்த 10 முதல் 30 விழுக்காட்டில் நம் பார் இருக்குமா இருக்காதா என்பதைத்தான் நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். என்னைப் பொறுத்தவரை அது உயிரைக் கொடுத்துப் பேச வேண்டிய விஷயம்.

வேம்பார் வல்லம் எழுதியது:

சரி, பேச்சு போதும். நாங்கள் செய்யக்கூடியது என்ன என்று நேராகச் சொல். ஊர்க் கூட்டத்தில் வைக்கிறேன்.

முத்துக்குளி எழுதியது:

அண்ணே, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் பவள வெளுப்பு எச்சரிக்கை வெளியிடுகிறது, மன்னார் வளைகுடாவும் அதில் உண்டு. மீன்வளத் தகவல் பலகையில் காற்று, அலை எழுதுவதுபோல அதையும் ஊரில் எழுதச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்ததிலிருந்து பார் நிறம் திரும்பும்வரை மூன்று காரியம். பாரின் மேல் நங்கூரம் போடாமல் பக்கத்து மணலில் போடுவது. கூட்டை அமர்த்தப் பாரின் கல்லைப் பெயர்க்காமல் இருப்பது. ஓராவிலும் கிளிஞ்சானிலும் பொடியைத் திரும்ப விடுவது. நீங்கள் சொன்ன அகலக் கண்ணிக் கூடு மூன்றாவதற்குப் போதும்.

நாகைத் தம்பி, உங்கள் பக்கம் ஒன்றுதான் கேட்கிறேன். வெளுப்பு நடந்த ஆண்டில் ஜூன் 15-க்குப் பிறகு சில வாரமாவது தீவுகளை விட்டு நன்றாக விலகி இழுக்க முடியுமா? கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சில தீவுகளோ கரையிலிருந்து 8, 10 கிலோமீட்டரில் இருக்கின்றன. கரையிலிருந்து அளந்தால் சில பார்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே விழுகின்றன.

நாகை விசைப்படகு எழுதியது:

நாங்கள் அந்தப் பக்கம் வருவதில்லை, தூத்துக்குடி, ராமேசுவரம் படகுகளைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் சொல்கிறேன். தடை முடிந்த முதல் வாரம்தான் எங்களுக்கு ஆண்டின் நல்ல பாடு (மீன் வரத்து). 61 நாளுக்கு அரசு தரும் நிவாரணத்தில் குடும்பம் ஓடாது, கடன் வாங்கித்தான் அந்த வாரத்துக்குக் காத்திருக்கிறோம். வெளுப்பு நடந்த ஆண்டில் மட்டும், எந்தத் தீவு, எத்தனை மைல், எத்தனை வாரம் என்று வரைபடத்தில் கோடு போட்டு, அதற்கு நிவாரணமும் சேர்த்துச் சொன்னால் சங்கத்தில் பேச ஆள் இருக்கிறது. கோடு இல்லாமல் "விலகி இழுங்கள்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

பாசிக்காரி எழுதியது:

கோடு போடும்போது பாசி எடுக்கிற பெண்களையும் கூப்பிடுங்கள். எந்தக் கல் வெளுத்திருக்கிறது, எது தேறுகிறது என்று எங்களுக்குத் தெரியும். எங்களை விரட்டுகிற அதிகாரிக்கு அது தெரியாது.

முத்துக்குளி எழுதியது:

கண்டிப்பாக அக்கா. உங்கள் ஊர்ப் பெண்கள் எந்தெந்தத் தீவுப் பக்கம் போகிறார்கள் என்பதை எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். நாகைத் தம்பி கேட்ட வரைபடத்தைத் தீவு வாரியாக நான் வரைந்து இதே இழையில் போடுகிறேன். வேம்பார் அண்ணன் அதில் கூடு போடும் இடங்களைக் குறித்துத் தர வேண்டும்.